செவ்வாயைப் பெட்டிக்குள் அடைப்பது: வேற்றுக்கோள் சூழலில் பாக்டீரியா பிழைக்குமா என்று சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1967 ஏப்ரலில் நிலவில் இறங்கிய சர்வேயர் 3 என்ற ஆளில்லாக் கலம் இரண்டரை ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. 1969 நவம்பரில் அப்பல்லோ 12 வீரர்கள் அதன் கேமராவைக் கழற்றிப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். கேமராவுக்குள் இருந்த நுரைப்பஞ்சுத் துண்டிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மிட்டிஸ் என்ற பாக்டீரியா முளைத்தது. நம் வாயிலும் தொண்டையிலும் சாதாரணமாகக் குடியிருப்பது அது. உடனே ‘நிலவில் பிழைத்த பாக்டீரியா’ என்று பேர் வாங்கிவிட்டது. பின்னாளில் அந்தச் சோதனையைக் கையாண்ட விதத்தைத் திரும்பிப் பார்த்தவர்கள், பூமிக்கு வந்த பிறகு ஆய்வகத்தில் ஒட்டிக்கொண்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் கட்டுப்பாட்டு மாதிரிகள், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் மாதிரிகள், போதிய அளவில் இல்லை.

வேற்றுக்கோள் சூழலை ஆய்வகத்தில் ஒரு பெட்டிக்குள் உண்டாக்கிப் பாக்டீரியாவைச் சோதிக்கும் இந்தத் துறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது ‘எந்தப் பம்ப் வாங்கலாம், எந்த விளக்கு நல்லது’ என்பதைத்தான். கேட்க வேண்டியதுதான். ஆனால் இந்தச் சோதனைகள் பெரும்பாலும் கெடுவது பெட்டிக்குள் அல்ல. மாதிரியைத் தடவும்போதும், கடைசியில் காலனிகளை, அதாவது பிழைத்த ஒவ்வொரு செல்லும் பெருகி உண்டாக்கும் புள்ளிகளை, எண்ணும்போதும்தான். அதனால் அந்த இரண்டு இடங்களிலும் நான் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

கேள்வியை முதலில் தீர்மானியுங்கள்

‘செவ்வாயில் பாக்டீரியா பிழைக்குமா?’ என்பது சோதிக்கத்தக்க கேள்வி அல்ல. செவ்வாயில் எங்கே? வெயில் படும் பாறை மேலா, தூசிக்கு ஒரு மில்லிமீட்டர் கீழா, ஒரு மீட்டர் ஆழத்திலா? எவ்வளவு நேரம்? இவற்றைச் சொன்னால்தான் பெட்டிக்குள் என்ன வைப்பது என்பதே தெரியும்.

‘பிழைப்பது’ என்ற சொல்லையும் பிரித்துக்கொள்ளுங்கள். உறங்கு நிலையில் கிடந்து, பூமிச் சூழலுக்குத் திரும்பியதும் முளைப்பது ஒன்று. அந்தச் சூழலிலேயே உண்டு, பிரிந்து, பெருகுவது இன்னொன்று. முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதைச் சொல்வதுதான் இந்தத் துறையின் தலைப்புச் செய்திகளில் அடிக்கடி நடக்கும் தவறு. இந்த வழிகாட்டி முதலாவதைப் பற்றியது. பெருகலைப் பற்றிப் பின்னால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

செவ்வாயின் தரைப்பரப்பை எடுத்துக்கொண்டால் குறிக்கோள் எண்கள் இவை: அழுத்தம் 6 முதல் 7 மில்லிபார் வரை, அதாவது நம் கடல்மட்ட அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. காற்றில் சுமார் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, மீதியில் பெரும்பகுதி நைட்ரஜனும் ஆர்கானும். ஆக்சிஜன் 0.2 சதவீதத்துக்கும் கீழே. சராசரி வெப்பநிலை சுமார் −60 டிகிரி செல்சியஸ்; நடுக்கோட்டருகே கோடை நண்பகலில் தரை பூஜ்ஜியத்துக்கு மேலேயும் ஏறும். ஓசோன் படலம் இல்லாததால் 200 நானோமீட்டருக்கு மேற்பட்ட புற ஊதாக் கதிர் தரைவரை வருகிறது. அதற்குக் கீழுள்ளதைக் கார்பன் டை ஆக்சைடே விழுங்கிவிடும்.

திறந்த விண்வெளி என்றால் வெற்றிடம்தான் மையம். 200 நானோமீட்டருக்குக் கீழுள்ள கதிரும் சேர்ந்துகொள்ளும். யூரோப்பாவின் மேற்பரப்பு என்றால் −160 டிகிரிக் குளிரும், வியாழனின் கதிர்வீச்சும். டைட்டன் என்றால் −179 டிகிரி, பூமியைவிட அடர்ந்த நைட்ரஜன் காற்று. ஒரே பெட்டியில் எல்லாக் கோளையும் செய்ய நினைக்காதீர்கள். முதல் முயற்சிக்குச் செவ்வாய்தான் சரி: அதன் எண்கள் தரையில் இறங்கிய கலங்களே அளந்தவை, 7 மில்லிபாரை ஒரு சாதாரண எண்ணெய்ப் பம்ப்பே எட்டிவிடும்.

யாரைப் பெட்டிக்குள் அனுப்புவது

இந்தத் துறையின் பழம்பெரும் சோதனைப் பாக்டீரியா பேசில்லஸ் சப்டிலிஸ். மண்ணில் வாழ்வது, நோய் தராதது. சாப்பாடு தீர்ந்தால் ஸ்போராக, அதாவது தடித்த உறைக்குள் உறங்கும் வித்துபோல, மாறிவிடும். ஸ்போருக்குள் தண்ணீர் குறைவு. டைபிகோலினிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து நிறைந்திருக்கும். டிஎன்ஏவைச் சிறு புரதங்கள் போர்வையாகச் சுற்றியிருக்கும். முளைக்கும்போது புற ஊதாவால் வந்த சேதத்தைச் செப்பனிட அதற்கென்றே ஒரு நொதியும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, உலர வைத்தாலும் சாகாது என்பதால் உலர்த்துவதன் பாதிப்பும் சோதனையின் பாதிப்பும் ஒன்றோடொன்று குழம்பாது.

இதன் உறவினர் பேசில்லஸ் புமிலஸ் எஸ்ஏஎஃப்ஆர்-032 என்ற வகை, நாசாவின் ஜேபிஎல் நிலையத்தில் விண்கலம் பூட்டும் தூய்மை அறையிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. புற ஊதாவை இன்னும் அதிகமாகத் தாங்கும். ‘செவ்வாய்க்கு நாம் தவறிக் கொண்டுபோகக்கூடியது எது’ என்பது உங்கள் கேள்வியானால் இதுவே பொருத்தம்.

டீனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் 1956-ல் கதிர்வீச்சால் கிருமி நீக்கிய பிறகும் கெட்டுப்போன இறைச்சி டப்பாவிலிருந்து கிடைத்தது. கிரே என்பது உடல் வாங்கிக்கொண்ட கதிர்வீச்சின் அலகு; 5 கிரே அளவு மனிதனைக் கொல்லப் போதும். இது 5,000 கிரேயைக் கிட்டத்தட்ட இழப்பே இல்லாமல் தாங்கும். ஸ்போர் உண்டாக்காது. ரோஜா நிறக் காலனி என்பதால் வெளியிலிருந்து வந்த கலப்படம் எளிதில் கண்ணில் படும். இந்த வசதியைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

கூடவே எளிதில் சாகும் ஒன்றையும் வையுங்கள்; ஆய்வகத்தில் வளர்க்கும் தீங்கற்ற ஈ. கோலை போதும். அது சாகவில்லை என்றால் உங்கள் பெட்டி வேலை செய்யவில்லை.

நோய் தரும் வகைகளை எடுக்க வேண்டாம். தெரியாத மண்ணிலிருந்து நீங்களே பிரித்தெடுத்ததையும் அடையாளம் காணும்வரை எடுக்க வேண்டாம். கீழே சொல்வதெல்லாம் பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில், நுண்ணுயிர் ஆய்வகத்தில் செய்ய வேண்டியவை. 254 நானோமீட்டர் விளக்கு சில நிமிடங்களில் கண்ணைப் புண்ணாக்கிவிடும், முகக்கவசம் இல்லாமல் எட்டிப்பார்க்கக் கூடாது. வெற்றிடத்தில் உள்ள கண்ணாடிப் பாத்திரம் உள்நோக்கி வெடிக்கலாம், சுற்றிலும் தடுப்பு வேண்டும். உலர்பனியும் கார்பன் டை ஆக்சைடு உருளையும் மூடிய அறையில் மூச்சை அடைக்கும்.

பெட்டி

தடித்த சுவருள்ள ஒரு வெற்றிடக் கலன், இரண்டு நிலை பம்ப், வாயு உருளை, குளிர்த் தட்டு, மேலே ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு மேல் விளக்கு. அடிப்படை இவ்வளவுதான். ஜெர்மனியின் கொலோன் நகரில் விண்வெளி மையத்தில் இருக்கும் பெரிய ஏற்பாடுகளிலும் தத்துவம் இதுவே, துல்லியம்தான் கூடுதல்.

ஜன்னல் குவார்ட்ஸாக, இன்னும் சரியாகச் சொன்னால் உருக்கிய சிலிக்காவாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியும் அக்ரிலிக்கும் நமக்கு வேண்டிய புற ஊதாவைத் தடுத்துவிடும். ‘எங்கள் பாக்டீரியா மணிக்கணக்கில் தாங்கியது’ என்று யாராவது மகிழ்ந்தால் முதலில் ஜன்னலைப் பற்றி விசாரியுங்கள்.

காற்றை மாற்ற, கலனை 10 மில்லிபார்வரை இறக்கி, உலர்ந்த கார்பன் டை ஆக்சைடால் மறுபடி நிரப்புங்கள். ஒரு சுற்றில் பழைய காற்று ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிவிடும். 21 சதவீத ஆக்சிஜன் 0.21 ஆகும். தற்செயலாகச் செவ்வாய்க்கு அருகிலான எண். இரண்டாம் சுற்றில் 0.0021. அதற்குமேல் தேவையில்லை. நிரப்பி முடித்தபின் 7 மில்லிபாருக்கு இறக்கி, நுண் வால்வு வழியாக வாயுவை மெல்ல விட்டுக்கொண்டே பம்ப்பை ஓடவிட்டால் அழுத்தம் நிலையாக நிற்கும்.

அழுத்தமானியில் ஒரு பொறி இருக்கிறது. மலிவாகக் கிடைக்கும் பிரானி வகை, வாயுவின் வெப்பக் கடத்தலை வைத்து அளக்கிறது, நைட்ரஜனுக்கென்று அளவிட்டிருப்பார்கள். கார்பன் டை ஆக்சைடில் அது தப்பாகக் காட்டும். திருத்த அட்டவணையைப் பயன்படுத்துங்கள், அல்லது எந்த வாயுவிலும் ஒரே மாதிரி காட்டும் மின்கொள்ளளவு (capacitance) வகை மானியை வாங்குங்கள்.

வெப்பநிலையிலும் அப்படித்தான். 7 மில்லிபாரில் காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. தட்டு −60 டிகிரியில் இருக்கலாம், விளக்கின் கீழ் இருக்கும் மாதிரி −20-ல் இருக்கலாம். பாக்டீரியாவைத் தடவி வைக்கும் சிறு தகடுகளைத்தான் வில்லை என்கிறேன்; பாக்டீரியா தடவாத ஒரு போலி வில்லையில் வெப்ப இணையை, அதாவது வெப்பநிலை காட்டும் கம்பியை, ஒட்டி, அது காட்டுவதை மட்டுமே குறித்துக்கொள்ளுங்கள். வில்லைக்கும் தட்டுக்கும் நடுவே வெற்றிடத்துக்கு ஏற்ற கிரீஸைத் துளி தடவினால் தொடர்பு நன்றாக இருக்கும்.

வரிசையும் முக்கியம். முதலில் உலர்ந்த வாயு, பிறகு குளிர். தலைகீழாகச் செய்தால் அறைக் காற்றின் ஈரம் மாதிரிமேல் பனியாகப் படியும். முடிக்கும்போது முதலில் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் காற்றை விட வேண்டும். குளிர்ந்த வில்லைமேல் ஈரக்காற்று பட்டால் நீர்த்துளி கோர்த்துக்கொள்ளும். ஸ்போர்கள் நனைந்துவிட்டால் சோதனை நீங்கள் நினைத்த நேரத்தில் முடியவில்லை என்று பொருள்.

பெட்டியே இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். குளிரை −80 டிகிரி உறைபெட்டியில், உலர்வை சிலிக்கா ஜெல் கலனில், புற ஊதாவைத் தனி விளக்கின் கீழ் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்துச் செய்வதைவிட இப்படித் தனித்தனியாகச் செய்வதில் சில சமயம் கற்பது அதிகம்.

ஸ்போர் தயாரிப்பு

நியூட்ரியண்ட் பிராத்தில் சிறிதளவு மாங்கனீசு, கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், இரும்பு உப்புகளைச் சேர்த்த ஸ்போர் ஊடகத்தில் 37 டிகிரியில் குலுக்கியபடி சில நாள் விடுங்கள். மாங்கனீசு இல்லாமல் நல்ல விளைச்சல் வராது. ஒவ்வொரு நாளும் ஒரு துளியை நுண்ணோக்கியில் பாருங்கள். கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியில் ஸ்போர்கள் பளிச்சென்று மின்னும், முளைத்தவை கறுத்துத் தெரியும். அந்த வசதி இல்லை என்றால் மாலகைட் பச்சைச் சாயம் போடுங்கள்: ஸ்போர் பச்சை, சாதாரண செல் சிவப்பு.

பெரும்பாலானவை ஸ்போரானதும் மையவிலக்கியில் சுழற்றி, பனிக்குளிர்ச்சியான கிருமி நீக்கிய நீரில் பல முறை கழுவுங்கள். சிதைந்த செல்களின் குப்பை போகும்வரை கழுவ வேண்டும். அந்தக் குப்பையே புற ஊதாவுக்குக் குடை பிடிக்கும். பிறகு 80 டிகிரியில் 10 நிமிடம் வைத்தால் மிச்சமிருக்கும் சாதாரண செல்கள் சாகும். 99 சதவீதத்துக்கு மேல் பளிச்சென்று இருந்தால் 4 டிகிரியில் நீரிலேயே சேமித்துவைக்கலாம்.

டீனோகாக்கஸுக்கு இந்த வேலை இல்லை. டிரிப்டோன், குளுக்கோஸ், ஈஸ்ட் சாறு கலந்த ஊடகத்தில் 30 டிகிரியில் வளர்த்து, கழுவினால் போதும். ஆனால் எந்தக் கட்டத்தில் அறுவடை செய்தீர்கள் என்பதைக் குறித்துவையுங்கள். வளரும் கட்டத்துச் செல்லுக்கும் தேங்கிய கட்டத்துச் செல்லுக்கும் தாங்கும் திறன் வேறு.

தடவுதல்: எல்லாம் கெடும் இடம்

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது 10⁸ சதுர மைக்ரோமீட்டர். ஸ்போர் ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர் அளவு. அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டரில் 10⁸ ஸ்போர் வைத்தால் தரையே தெரியாமல் ஓர் அடுக்கு முழுதாக மூடிவிடும். அதற்குமேல் போனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். மேலே இருப்பது செத்து, கீழே இருப்பதைக் காப்பாற்றும். ஆகவே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10⁶ முதல் 10⁷ வரை போதும்.

கணக்குப்படி போதும், நிஜத்தில் துளி உலரும்போது எல்லாம் ஓரத்துக்குப் போய் வளையமாகப் படிந்துவிடும், சிந்திய காப்பி உலர்ந்ததுபோல. என் முதல் சோதனைகளில் இதுதான் நடந்தது. வரைபடத்தில் முதல் இரண்டு நிமிடம் கோடு செங்குத்தாக இறங்கியது, அப்புறம் படுத்துக்கொண்டது. சாகாத ஒரு வீரப் படை கிடைத்துவிட்டது என்று இரண்டு வாரம் குதூகலமாக இருந்தேன். அப்புறம் ஒரு வில்லையை நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது ஓரத்தில் சுவர்போல அடுக்கு அடுக்காக ஸ்போர்கள். வீரமெல்லாம் நிழலில் ஒளிந்திருந்ததுதான். அந்தத் தரவு முழுவதும் குப்பைக்குப் போனது.

தவிர்க்கும் வழி: ஒரு பெரிய துளிக்குப் பதிலாகப் பல சிறு துளிகள், வில்லையின் பரப்பை முன்பே நன்றாகச் சுத்தம் செய்து நீர் படரும்படி வைத்தல், தூய்மைக் காற்று மேசையில் அறை வெப்பநிலையில் மெதுவாக உலரவிடுதல். வில்லைகள் அலுமினியமோ குவார்ட்ஸோ நல்லது. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒன்றை நுண்ணோக்கியில் பார்க்காமல் பெட்டிக்குள் அனுப்பாதீர்கள்.

அடர்த்தியாக வைப்பதே தப்பு என்று சொல்லவில்லை. ஒரு விண்கல்லுக்குள் கொத்தாகப் பயணிக்க முடியுமா என்பது உங்கள் கேள்வியானால் கொத்தைத்தான் வைக்க வேண்டும். 2015 முதல் ஜப்பானின் தன்போபோ சோதனை, பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு வெளியே டீனோகாக்கஸை வெவ்வேறு தடிமனுள்ள கட்டிகளாக வைத்தது. அரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்த கட்டிகளில் மூன்று ஆண்டுக்குப் பிறகும் உயிருள்ள செல்கள் இருந்தன. மேல் அடுக்கு செத்து உள்ளடுக்குக்குக் கூரையானது. அங்கே தடிமன் என்பது அளந்து வைத்த மாறி. என்னிடம் அது தெரியாமல் நுழைந்த பிழை.

கட்டுப்பாட்டு மாதிரிகள்

ஒவ்வொரு சோதனைக்கும் குறைந்தது இவை வேண்டும்.

மேசை மாதிரி: தடவி, உலர்த்தி, அதே நேரம் ஆய்வக இருட்டில் இருந்தது. இருட்டு மாதிரி: பெட்டிக்குள் அதே அழுத்தம், அதே குளிர், ஆனால் அலுமினியத் தாளால் மூடியது. இதில்லாமல் புற ஊதாவின் பங்கைச் சொல்ல முடியாது. மூடும்போது தாள் வில்லையைத் தொடாமல், காற்றுப் போக வழிவிட்டு மூடுங்கள். புற ஊதா மட்டும்: பெட்டிக்கு வெளியே, சாதாரண அழுத்தத்தில், அதே அளவு கதிர். வெற்று வில்லை: பாக்டீரியாவே தடவாதது, மற்ற எல்லாப் படிகளையும் கடந்தது. இதில் ஒரு காலனி முளைத்தாலும் சர்வேயர் 3 கதை உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உலர்த்தியவுடன், எந்தச் சோதனைக்கும் போகாத வில்லையிலிருந்து எத்தனை திரும்பக் கிடைக்கிறது? அதுதான் உங்கள் பூஜ்ஜிய நேரம். குழாயில் இருந்த எண்ணிக்கை அல்ல. டீனோகாக்கஸில் உலர்த்தும்போதே ஒரு பகுதி சாகலாம், வில்லையில் ஒட்டி வராமலும் போகலாம். அதைச் செவ்வாயின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

ஒவ்வொன்றிலும் மூன்று வில்லைகள். முழுச் சோதனையையும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு வளர்ப்பிலிருந்து மூன்று முறை. ஒரே குழாயிலிருந்து எடுத்த மூன்று வில்லைகள் மூன்று சோதனை ஆகாது.

கதிரின் அளவு

புற ஊதாவை நேரத்தால் மட்டும் சொல்லாதீர்கள். ‘பத்து நிமிடம்’ என்றால் எந்த விளக்கு, எவ்வளவு தூரம் என்பது யாருக்கும் தெரியாது. மாதிரி இருக்கும் இடத்தில், ஜன்னல் வழியாக, கதிரளவியை வைத்துச் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்று பாருங்கள். அதை விநாடியால் பெருக்கினால் ஜூல். 2 வாட் விழும் இடத்தில் 120 விநாடி என்றால் 240 ஜூல். விளக்கைப் போட்டுக் கால் மணி நேரமாவது சூடாக விட்டுவிட்டு, மூடித் திறக்கும் தகட்டால் நேரத்தைக் கட்டுப்படுத்துங்கள். வில்லைகள் வைக்கும் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே அளவிடுங்கள். நடுவுக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம் ஆச்சரியப்படுத்தும்.

254 நானோமீட்டர் பாதரச விளக்கு எளிது, மலிவு, ஆனால் ஒரே அலைநீளம். சூரியன் அப்படியல்ல. செனான் வில் விளக்கு சூரிய நிறமாலைக்கு நெருக்கம். கூடவே வெப்பத்தையும் கொட்டும், அதை நீர் வடிகட்டியால் தடுக்க வேண்டும். பாதரச விளக்கில் செய்ததைச் ‘செவ்வாய்ச் சூரியன்’ என்று எழுதாமல் ‘254 நானோமீட்டர்’ என்றே எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நேரப் புள்ளிகளைச் சம இடைவெளியில் வைக்க வேண்டாம். 0, 15, 30, 60 விநாடி, பிறகு 2, 4, 8, 16 நிமிடம் என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். ஓரடுக்காகப் பரப்பிய ஸ்போர்களில் பெரும்பாலானவை செவ்வாய் அளவுப் புற ஊதாவில் நிமிடங்களில் செத்துவிடும். முதல் புள்ளியையே ஒரு மணி நேரத்தில் வைத்தால் வரைபடத்தில் பூஜ்ஜியங்கள்தான் இருக்கும்.

அயனியாக்கும் கதிர்வீச்சுக்கு, வெளி நிலையம் ஒன்றில் இருக்கும் காமாக் கதிர் தரும் கருவிதான் வேண்டும். கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்த் தரையில் அளந்தது ஆண்டுக்குச் சுமார் 76 மில்லிகிரே. டீனோகாக்கஸ் சாதாரணமாகத் தாங்கும் 5,000 கிரே சேர அந்த வேகத்தில் 65,000 ஆண்டுக்கு மேல் ஆகும். அதைச் சில மணி நேரத்தில் கொட்டுகிறோம் என்பதை மறக்காதீர்கள். உறைந்து கிடக்கும் செல் அந்த ஆண்டுகள் முழுவதும் தன்னைப் பழுது பார்க்க முடியாமல் சேதத்தைச் சேர்த்துக்கொண்டே போகும் என்று வைத்துத்தான் இந்தச் சுருக்கம் செல்லுபடியாகும்.

மண்ணும் பெர்குளோரேட்டும்

செவ்வாய் மண்ணுக்குப் பதிலாக, ஹவாய் எரிமலைச் சாம்பலிலிருந்து செய்த ஜேஎஸ்சி மார்ஸ்-1 போன்ற போலி மண்கள் உண்டு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூசிப் படலமே புற ஊதாவை நிறுத்திவிடும். ஆகவே மண்ணைச் சேர்த்தவுடன் உங்கள் சோதனை அடிப்படையிலேயே வேறு சோதனையாகிறது. படலத்தின் தடிமனை அளக்காமல் சேர்க்காதீர்கள்.

2008-ல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட்டை, அதாவது குளோரினும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பை, கண்டது, எடையில் ஏறக்குறைய அரை சதவீதம். 2017-ல் எடின்பரோ ஆய்வாளர்கள் பேசில்லஸ் சப்டிலிஸின் சாதாரண செல்களை வைத்துக் காட்டியது முக்கியமானது: பெர்குளோரேட் புற ஊதாவோடு சேரும்போது, புற ஊதா தனியாகக் கொல்வதைவிட வேகமாகக் கொல்கிறது. தனித்தனியாகச் சோதிப்பது மட்டும் ஏன் போதாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பெர்குளோரேட் எரிபொருள்களோடு சேர்ந்தால் ஆபத்தான ஆக்சிஜனேற்றி. உலர்ந்த தூளாகக் கரிமப் பொருளோடு கலக்க வேண்டாம்.

திரும்ப எடுத்து எண்ணுதல்

வில்லையிலிருந்து ஸ்போரைப் பிரிக்க ஒரு பழைய, அழகான உத்தி இருக்கிறது. 10 சதவீத பாலிவினைல் ஆல்கஹால் கரைசலை மேலே ஊற்றி உலரவிட்டால் மெல்லிய தோல்போல ஆகும். அதை உரித்து நீரில் கரைத்தால் ஸ்போர்கள் கிட்டத்தட்ட முழுவதும் வந்துவிடும், உயிருக்கும் பாதிப்பில்லை. டீனோகாக்கஸை நேரடியாகக் கழுவி எடுக்கலாம். மண்ணிலிருந்து எடுப்பதுதான் கஷ்டம். செல்கள் துகளில் ஒட்டிக்கொள்ளும். சோப்புபோல ஒட்டலைக் கழற்றும் டுவீன் 80 துளி சேர்த்துக் குலுக்குங்கள், மேசை மாதிரியிலிருந்து எத்தனை வந்தது என்பதோடு மட்டுமே ஒப்பிடுங்கள். பெர்குளோரேட் கலந்த மாதிரி என்றால், கழுவிய நீரில் புதிய செல்களைப் போட்டுப் பாருங்கள். அவை செத்தால், உங்கள் மாதிரி வளர்ப்புத் தட்டுக்கு வந்த பிறகுதான் செத்திருக்கக்கூடும்.

பிறகு பத்துப் பத்தாகத் தொடர் நீர்த்தல், ஒவ்வொன்றிலும் 0.1 மில்லி லிட்டர் அகார் தட்டில், அதாவது பாக்டீரியா வளரும் ஜெல்லி ஊற்றிய தட்டில். 30 முதல் 300 காலனி உள்ள தட்டுகளை மட்டும் எண்ணுங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வில்லைகளையும் 1 மில்லி லிட்டரில் எடுத்தோம். இருட்டு மாதிரியில் நான்கு முறை நீர்த்த தட்டில் 87 காலனி: 87 × 10 × 10,000 = 87 லட்சம். கதிர் பட்டதில் ஒரு முறை நீர்த்த தட்டில் 52: 52 × 10 × 10 = 5,200. தப்பிய பங்கு 0.0006. மடக்கையில் (log) சொன்னால் 3.2 இறக்கம். அதாவது ஆயிரத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் ஐயாயிரம் மிஞ்சியிருக்கிறது. இரண்டு வாக்கியமும் உண்மை. எதைச் சொல்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் நேர்மை.

காலனியே இல்லை என்றால் பூஜ்ஜியம் என்று எழுதக் கூடாது. 1 மில்லி லிட்டரில் 0.1 மட்டும் தட்டில் போட்டிருந்தால், நீங்கள் சொல்ல முடிந்தது ‘10-க்கும் குறைவு’ என்பதுதான். மீதி முழுவதையும் வடிதாளில் வடித்து, அந்தத் தாளையே அகாரில் வையுங்கள்.

தட்டுகளை மறுநாளே வீசிவிடாதீர்கள். அடிபட்ட செல் டிஎன்ஏவை ஒட்டவைத்துவிட்டுத்தான் பிரியத் தொடங்கும். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் எண்ணுங்கள். தாமதமாக வந்த காலனிகளின் எண்ணிக்கையே ஒரு தகவல். செழிப்பான ஊடகத்தோடு சத்துக் குறைந்த ஒன்றிலும் போட்டுப் பாருங்கள். அடிபட்டவை சில சமயம் கஞ்சியைத்தான் தாங்கும், விருந்தைத் தாங்காது. உயிரோடிருந்தும் தட்டில் முளைக்காத செல்களும் உண்டு என்பதால், சவ்வு சிதைந்ததைக் காட்டும் சாயச் சோதனையைக் கூடவே செய்வது நல்லது. அது வேறு எண்ணைத் தரும். இரண்டையும் கொடுங்கள்.

முளைத்தது நீங்கள் அனுப்பியதுதானா? நீண்ட நேரப் புள்ளியில் வந்த நாலைந்து காலனிகளை மறுபடி வளர்த்து, எந்த வகைப் பாக்டீரியா என்று காட்டும் 16எஸ் மரபணு வரிசையைப் பாருங்கள். வேலை அதிகம்தான். ஆனால் உங்கள் கட்டுரையின் தலைப்பே அந்த நாலைந்து காலனிகளை நம்பித்தான் இருக்கும்.

எண்ணை எப்படிப் படிப்பது

மடக்கை அச்சில் வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். தொடக்கத்தில் தோள்போலக் கொஞ்ச நேரம் இறங்காமல் இருந்தால் செல் தன்னைப் பழுது பார்த்துக்கொள்கிறது என்று பொருள். டீனோகாக்கஸில் இது நன்றாகத் தெரியும். கடைசியில் வால்போல நீண்டால் முதலில் நிழலையும் கொத்தையும் சந்தேகப்படுங்கள், பிறகு கலப்படத்தை, கடைசியாகத்தான் உயிரியலை.

1984 ஏப்ரலில் ஏவி 1990 ஜனவரியில் மீட்ட நாசாவின் எல்டிஈஎஃப் செயற்கைக்கோளில், பல அடுக்காகப் படிந்த பேசில்லஸ் சப்டிலிஸ் ஸ்போர்களில் ஒரு பகுதி ஏறக்குறைய ஆறு ஆண்டு விண்வெளியைத் தாண்டி வந்தது. புற ஊதாவிலிருந்து மறைக்கப்பட்டவை மிக நன்றாகப் பிழைத்தன. வெற்றிடத்தைவிடப் புற ஊதாதான் பெரிய எமன் என்பதை உங்கள் பெட்டியும் காட்ட வேண்டும். இருட்டு மாதிரியும் வெளிச்ச மாதிரியும் ஒரே மாதிரி செத்தால் எங்கோ வெப்பமோ ஈரமோ விளையாடுகிறது.

பெருகலைச் சோதிக்க விரும்புபவர்களுக்கு: 2013-ல் சைபீரிய நிரந்தர உறைமண்ணிலிருந்து எடுத்த கார்னோபாக்டீரியம் வகைகள் 7 மில்லிபார், 0 டிகிரி, ஆக்சிஜனற்ற கார்பன் டை ஆக்சைடில் வளர்ந்ததாகக் காட்டினார்கள். ஆனால் அவற்றுக்கு ஈரமான, சத்துள்ள அகார் இருந்தது. செவ்வாயில் அது யார் வைப்பது? 7 மில்லிபாரில் நீர் 2 டிகிரிக்கு அருகிலேயே கொதிக்கும் என்பதால் அகார் வேகமாகக் காய்ந்துபோகும். தடிமனாக ஊற்றுங்கள், கலனுக்குள் பனிக்கட்டியும் வையுங்கள்.

இந்த எண்களை வாங்கிப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். செவ்வாயில் இறங்கும் கலத்தின் மேற்பரப்பில் மொத்தம் 3 லட்சம் ஸ்போருக்குமேல் இருக்கக் கூடாது என்பது கோள் பாதுகாப்பு விதி. உயிரைத் தேடும் கலங்களுக்கு இன்னும் கடுமை. 1976-ல் இறங்கிய வைக்கிங் கலங்களை அதற்காக 110 டிகிரிக்கு மேல் ஒரு நாளுக்கும் அதிகமாகச் சுட்டெடுத்தார்கள். எவ்வளவு தடவினீர்கள், எவ்வளவு திரும்ப எடுத்தீர்கள், கண்டறியும் எல்லை என்ன என்ற மூன்றும் இல்லாத அறிக்கையை அவர்கள் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

சோதனை முடிந்ததும் பயன்படுத்திய எல்லாவற்றையும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவி) செய்யுங்கள். ஸ்போர் என்பதால் ஆல்கஹால் துடைப்பை நம்பாதீர்கள். கலனின் உட்புறத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஸ்போர் கொல்லி வேண்டும். அப்புறம் வெற்று வில்லையை வைத்து ஒரு முழுச் சுற்று ஓட்டி, தட்டு ஏழு நாள் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்தாறு வில்லைகளைத் தேதி எழுதி உலர்ந்த இருட்டில் போட்டுவையுங்கள். என் இழுப்பறையில் அந்த ஓரவளைய வில்லைகள் சில இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை வருடத்துக்கு ஒருமுறை எடுத்துத் தட்டில் போடுகிறேன். இதுவரை ஒவ்வொரு முறையும் முளைத்திருக்கிறது.